பாடும் பயனும்: சாங்கிச் சிறை காட்டும் உண்மை

துன்பம் ஏன் வருகிறது என்னும் வினா, மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள்தொட்டு இருந்துவருவது. வினையின் விளைவு என்றனர் ஒரு சாரார். ஆசையே அதன் வேர் என்றனர் மற்றொரு சாரார். இறைவன் தன் அடியாரைச் சோதிக்கிறான் என்றனர் வேறு சிலர். கிறிஸ்தவ சமயம் இவ்வினாவுக்குக் கூறும் விடை யாது? சிலுவையில் அறையுண்ட ஒருவரைத் தலைவராகக் கொண்ட சமயம் அது. ஆதலின், துன்பத்தைப் பற்றி அது சொல்வதை அறிய விரும்புவோர், அச்சமயத்தைச் சார்ந்தோர் மட்டும் அல்லர்.

அவ்விடை பலமுறை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. “துன்பம் நல்லது, இறைவன் அனுப்பியது, வாய்மூடிப் பொறுத்துக்கொள்” என்பதே கிறிஸ்தவம் கூறுவது என்று எண்ணுவோர் பலர். அவ்வாறு போதித்தவர்களும் இல்லாமல் இல்லை. அதனைக் கேட்டு, “இது வலியவனுக்கு வாய்ப்பான வேதாந்தம்” என்று சினந்தவர்களும் உண்டு. இரு சாராருடைய கருத்தும் முழு உண்மையன்று என்பதை, நமக்கு மிக அருகில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வரலாறு நிகழ்ந்த இடம் தொலைவில் இல்லை. பிடோக் வட்டாரத்தில் வாழும் தமிழர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மேல் சாங்கிச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், அது தொடங்கிய சிறைக்கூடத்தை அடையலாம்.

சொல் தரும் விளக்கம்

முதற்கண் சொல்லை நோக்குவோம். இயேசுவின் இறுதிநாள் துன்பங்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பாடுகள்’ என்று வழங்குவர். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்குக் கத்தோலிக்கத் தமிழர் இட்ட பெயர் ‘பாடுபட்ட சுரூபம்’ என்பது. இது நுட்பமான பெயர். ‘பாடு’ என்னும் சொல்லுக்குத் துன்பம் என்ற பொருள் உண்டு; உழைப்பு என்ற பொருளும் உண்டு. வயலில் உழுபவனும் பாடுபடுகிறான். நோயில் கிடப்பவனும் பாடுபடுகிறான். இவற்றுக்குமேல், பெருமை, மேன்மை என்ற பொருளிலும் இச்சொல்லைப் பழந்தமிழ் ஆண்டிருக்கிறது. துன்பம், உழைப்பு, மேன்மை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம் மொழி. வெறுமனே தாங்கிக்கொள்வது துன்பம். அதனைக் கொண்டு ஒன்றைச் செய்வது பாடு என்று இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க இச்சொல் நமக்கு இடம் தருகிறது.

மற்றொரு சொல் ‘இரத்தசாட்சி’. சமயத்தின் பொருட்டு உயிர் துறந்தவரைச் சுட்டும் கிரேக்கச் சொல்லுக்கு முதற்பொருள் ‘சாட்சி’ என்பதே. தமிழ்க் கிறிஸ்தவர் அம்முதற்பொருளை விடாமல் இரத்தசாட்சி என்றும், மறைசாட்சி என்றும் வழங்கினர். இங்கும் முதன்மை பெறுவது சிந்திய குருதி அன்று. அது சொல்லும் சாட்சியமே. துன்பம் எதற்குச் சாட்சியாக நின்றது என்பதுதான் வினா.

காரணமும் பயனும்

இனி, விவிலியத்தின் நிலையை நோக்குவோம். பழைய ஏற்பாட்டில் யோபு என்னும் நேர்மையாளன் செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்கிறான். அவனைக் காணவந்த நண்பர்கள், அவன் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கின்றனர். “நீ ஏதேனும் தீமை செய்திருப்பாய், இன்றேல் இது வராது” என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது யோபுவை விட அந்த நண்பர்களையே என்பது கருதத்தக்கது. துன்புறுவோன் எழுப்பிய முறையீட்டை ஏற்ற இறைவன், துன்புறாதோர் தந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் இதே போக்கைக் காண்கிறோம். சீலோவாம் என்னுமிடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று இயேசு கூறியதாக லூக்கா எழுதுகிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என வினவியபோது, அவ்வினாவையே அவர் தள்ளிவிட்டு, அவனுக்குப் பார்வை அளிக்கும் செயலில் இறங்கியதாக யோவான் எழுதுகிறார். நோயைக் கண்ட இடமெல்லாம் அதனைப் போக்க முயன்ற ஒருவரைத் துன்பத்தைப் போற்றியவர் என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

ஆயினும், துன்பத்தால் பொறுமையும், பொறுமையால் பண்பட்ட உள்ளமும், அதனால் நம்பிக்கையும் விளையும் என்று பவுல் எழுதினார். இதுவும் விவிலியமே. முன்னதும் பின்னதும் முரண்படுகின்றனவா? இல்லை. ‘காரணம்’ வேறு, ‘பயன்’ வேறு என்று நாம் பிரித்தறிந்தால் முரண் மறையும். எதனால் வந்தது என்பது காரணத்தைப் பற்றிய வினா. அதிலிருந்து எதனை ஆக்கலாம் என்பது பயனைப் பற்றிய வினா. முன்னதற்கு எளிய விடை கூறுவோரை விவிலியம் கண்டிக்கிறது. பின்னதற்குத் துன்புற்றோரே தம் வாழ்வால் விடை கூறுமாறு விட்டுவிடுகிறது.

தமிழகத்தில் சில சான்றுகள்

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள. தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டில் வந்த சீகன்பால்க், அங்கிருந்த டேனியத் தளபதியின் பகைமைக்கு ஆளாகி, 1708ஆம் ஆண்டின் இறுதியில் கோட்டைச் சிறையில் நான்கு திங்கள் அடைபட்டார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய பெருமை பின்னர் அவருக்கு உரியதாயிற்று. அவரைச் சிறையிட்டவரும் கிறிஸ்தவரே என்பதை மறத்தலாகாது.

நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசுப் பணியில் இருந்தவர். டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749ஆம் ஆண்டில் கைதாகி, மூன்றாண்டு வதைக்கப்பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தண்டிக்கப்பட்டதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையோ அவரை மறைசாட்சியாக ஏற்று, 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக அறிவித்தது.

இலக்கியத்தில், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழாசிரியர் நன்கறிவர். அதற்கு மூலமான நூலைத் தந்த ஜான் பனியன், சமயக் கொள்கைக்காக இங்கிலாந்தின் பெட்போர்டு நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். சிறையில் பழுத்த ஓர் உள்ளத்தின் கனியே திருநெல்வேலித் தமிழில் காப்பியமாகியது எனலாம்.

இவை யாவும் தொலைக்காலத்துச் செய்திகள். புகழ்ச்சியுரைகள் படிந்து, உண்மை நிகழ்ச்சியைப் பிரித்தறிதல் அவற்றுட் சிலவற்றில் அரிதாகிவிட்டது. சாங்கியில் நிகழ்ந்தவையோ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, எழுத்தில் பதிவானவை. ஆதலின் அவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

பிடோக் வழியே சென்ற கைதிகள்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 17ஆம் நாள், இந்தியப் போர்வீரர் ஏறத்தாழ 45,000 பேர் பேரர் பூங்காவில் தனியே கூட்டப்பட்டனர். அதே நாளில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்வீரர் ஏறத்தாழ 50,000 பேர் கிழக்கே சாங்கியை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். நகரத்துக்கும் சாங்கிக்கும் இடையே இருந்தது தென்னந்தோப்பும் கடற்கரைக் கம்பங்களும் நிறைந்த அக்காலப் பிடோக் பகுதி. இன்று அங்குக் காணும் அடுக்குமாடி நகரம் 1970ஆம் ஆண்டுகளில் எழுந்தது. அதற்கு முன்னரே பிடோக் மேடுகளை வெட்டி அம்மண்ணைக் கடலில் கொட்டிக் கரையை விரித்துவிட்டனர். பழைய கடற்கரையும் பழைய மேடுகளும் இன்று இல்லை.

ஆனால் நிலம் எல்லாவற்றையும் மறைத்துவிடவில்லை. பிடோக்கை அடுத்த சிக்லாப் பகுதியில் 1962ஆம் ஆண்டு மனித எலும்புகள் குவியலாகக் கண்டெடுக்கப்பட்டன. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜப்பானிய இராணுவம் சீன ஆடவரைப் பிரித்தெடுத்துக் கடற்கரைகளிலும் தோப்புகளிலும் சுட்டுக்கொன்றது. அங்ஙனம் மாண்டோரின் எலும்புகளே அவை. அவர்கள் நினைவாகக் கடற்கரைச் சாலையில் 1967ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் திறக்கப்பெற்ற நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னர் இதற்கு மீள வேண்டும்.

படைவீரரேயன்றி ஐரோப்பியக் குடிமக்களும் 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1936ஆம் ஆண்டில் 600 கைதிகளுக்கெனக் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருக்குண்டு வாழ்ந்தனர்.

இரட்டைப் பத்து

1943ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியக் கப்பல்கள் ஏழு, வெடிவைத்துத் தாக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்படகு போன்ற கலத்தில் வந்து, சிறு தோணிகளில் துறைமுகத்துள் நுழைந்த சில வீரர்கள் செய்த வேலை அது. ஜப்பானிய இராணுவப் போலீசாகிய கெம்பெய்த்தாய்க்கு இது தெரியாது. சாங்கிச் சிறையில் இருந்த குடிமக்களே வானொலி வாயிலாகவும், நகரத்து நண்பர் வாயிலாகவும் இதற்கு ஏற்பாடு செய்தனர் என்று அவர்கள் ஐயுற்றனர். அக்டோபர் 10ஆம் நாள் சிறை முழுவதும் சோதனையிடப்பட்டது. பத்தாம் திங்களின் பத்தாம் நாள் ஆகையால், இதனை ‘இரட்டைப் பத்து’ நிகழ்ச்சி என்பர்.

கைதிகளாயிருந்த குடிமக்களுள் 57 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். ஆர்ச்சர்டு சாலையில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தார் கட்டியிருந்த மாளிகையைக் கெம்பெய்த்தாய் தன் அலுவலகமாக்கியிருந்தது. சிறு அறைகளில் ஆணும் பெண்ணுமாகப் பலரை அடைத்து, விடியற்காலை முதல் இரவு வரை அசையாது அமர்த்தி, இரவெல்லாம் விளக்கை எரியவிட்டு, பசியாலும் அடியாலும் நீராலும் மின்சாரத்தாலும் அவர்களை வதைத்தனர். குடிப்பதற்கும் கழிப்பறைத் தொட்டி நீரே. 57 பேரில் 15 பேர் இறந்தனர். செய்யாத செயலை ஒப்புக்கொள்ளுமாறு கேட்டே இத்தனையும் நடந்தது. போருக்குப் பின், கெம்பெய்த்தாய்த் தலைவர் சுமிடா ஹருசோ உள்ளிட்ட 21 பேர் மீது 1946ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் விசாரணை தொடங்கி, ஏப்ரல் 15ஆம் நாள் முடிந்தது. எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, எழுவர் விடுதலையாயினர், ஏனையோர் சிறைத்தண்டனை பெற்றனர்.

இத்துன்பத்தின் காரணம் யாது? ஒரு தவறான ஐயம், அதிகாரத்தின் கொடுமை. இவற்றைத் தவிர வேறில்லை. இதனை இறைவன் திட்டமிட்டு அனுப்பினான் என்று கூறுவது, யோபுவின் நண்பர்கள் செய்த பிழையைத் திரும்பவும் செய்வதாகும்.

ஆயர் வில்சன்

அக்டோபர் 17ஆம் நாள் கைதானவர்களுள் ஒருவர், ஆங்கிலிக்கத் திருச்சபையின் சிங்கப்பூர் ஆயர் ஜான் லெனார்டு வில்சன். 1941ஆம் ஆண்டில் இப்பதவிக்கு வந்தவர். ஆட்சி மாறிய பின்னும் ஓராண்டுக்கு மேல் அவர் நகரத்தில் உலவித் தம் பணியைச் செய்ய முடிந்தது. அதற்கு வழிசெய்தவர் லெப்டினன்ட் ஒகாவா என்னும் ஜப்பானிய அதிகாரி. அவரும் ஒரு கிறிஸ்தவர். பகைவர் படையிலும் நல்லவர் இருந்தனர் என்பது வரலாற்றின் பாடங்களுள் ஒன்று. 1943ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆயரும் சாங்கிக்கு அனுப்பப்பட்டார். அப்போது நகரத்தில் திருச்சபையின் சுமையைத் தாங்கிய ஆசிய குருமாருள் ஒருவர் தமிழரான டி. டி. செல்லையா. தாய்மொழிகளை அடிப்படையாகக் கொண்ட கல்வி முறையை இந்நாட்டுக்குப் பரிந்துரைத்து, 1940ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தவர் அவரே என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்து மகிழலாம்.

வெளியிலிருந்து வந்த பணத்தைச் சிறையிலிருந்தோரின் உணவுக்காகச் சேர்த்தார் என்பது ஆயர் மீது ஐயம் எழக் காரணம். அவரை மண்டியிடச் செய்து கட்டி வதைத்தனர். பின்னர் ஒரு மேசையில் பிணித்து, ஏழு பேர் மாறிமாறிக் கயிற்றால் அடித்தனர். நினைவிழக்கும் நிலையில் அறைக்குத் தூக்கிவரப்பட்டார். 1944ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அங்கிருந்து விடுபட்டார்.

1946ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் வானொலியில் அவர் ஆற்றிய உரையில் இவற்றை நினைவுகூர்ந்தார். அவ்வுரையின் சிறப்பு, அடிபட்ட கதையைக் கூறியதில் இல்லை. அடிபட்டபோது உள்ளத்தில் நிகழ்ந்ததைக் கூறியதில் இருக்கிறது. “உன் கடவுள் உன்னை ஏன் காப்பாற்றவில்லை?” என்னும் பொருள்பட அவர்கள் கேட்டனராம். வலியை நீக்குவதன்று, வலியைத் தாங்கும் உள்ளத்தைத் தருவதே தமக்குக் கிடைத்த காப்பு என்று அவர் விடையிறுத்தாராம். தம்மை அடித்தவர்களை மன்னிக்குமாறு வேண்டுவது அவருக்கு எளிதாய் இருக்கவில்லை. அவர்களுடைய முகங்கள் கொடுமையால் இறுகியிருந்தன. சிலர் அடிப்பதில் இன்பமும் கண்டனர். அந்நிலையில் அவர் ஒன்று செய்தார். அம்மனிதர்கள் சிறு குழந்தைகளாய் இருந்த காலத்தை மனத்தில் கொண்டுவந்தார். குழந்தைகளை வெறுப்பது அரிது. பின்னர், அவர்கள் எத்தகையோராய் மாறக்கூடும் என்பதையும் எண்ணினார்.

சோர்வும் இருளும் தம்மைச் சூழ்ந்த வேளைகள் பல என்பதையும் அவர் மறைக்கவில்லை. வீரக்கதை பாடும் நோக்கம் அவருக்கு இருந்திருப்பின், அதனை விட்டிருப்பார்.

போர் முடிந்தபின் நிகழ்ந்தது யாவரும் வியக்கத்தக்கது. அவரைத் துன்புறுத்தியோருள் ஒருவர் கிறிஸ்தவரானார். அவருக்குத் திடப்படுத்தல் என்னும் சடங்கை நிகழ்த்திக் கையைத் தலைமேல் வைத்து ஆசி அளித்தவர் வில்சனே. பின்னர் அவர் இங்கிலாந்தில் பர்மிங்காம் ஆயராகப் பணிபுரிந்து, 1970ஆம் ஆண்டில் மறைந்தார்.

எலிசபெத் சோய்

ஆயர் ஒருவர் மன்னிப்பது அவர் தொழிலுக்கு உரியதென்று சிலர் கூறலாம். ஆதலின் சமயப் பதவி ஏதுமில்லாத ஓர் ஆசிரியையின் செய்தியையும் காண்போம்.

வடபோர்னியோவின் கூடாட் நகரில் 1910ஆம் ஆண்டில் பிறந்த எலிசபெத் சோய், சிங்கப்பூரில் ஆசிரியையாக இருந்தவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவரும் கணவரும் மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்தினர். அங்கிருந்து மருந்து, பணம், கடிதம், வானொலிக்கு வேண்டிய உறுப்புகள் ஆகியவை சாங்கியில் அடைபட்டோர்க்கு மறைவாகச் சென்றன. கணவர் கைதானபின், அவரைப் பற்றி விசாரிக்கச் சென்ற எலிசபெத்தும் 1943ஆம் ஆண்டு நவம்பரில் பிடிபட்டார். ஏறத்தாழ 200 நாள்கள் அந்த மாளிகையில் வதைபட்டார். கணவர் கண்முன்னே அவர் உடலில் மின்சாரம் பாய்ச்சினர். ஒப்புக்கொண்டால் விடுதலை என்றனர். செய்யாததைச் செய்ததாக அவர் சொல்லவில்லை.

போருக்குப் பின், தம்மைத் துன்புறுத்தியோர் தூக்கிலிடப்படும்படி அவர்களுடைய பெயர்களைக் கூற அவர் மறுத்துவிட்டார். போரே கொடியது, போர் இல்லாதிருந்தால் அவர்களும் வீட்டில் மனைவி மக்களோடு வாழ்ந்திருப்பர் என்பது அவர் கருத்து. 1951ஆம் ஆண்டில் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். 1956ஆம் ஆண்டில் பார்வையற்ற சிறுவர்க்கான பள்ளியின் முதல் தலைமையாசிரியையாகவும் ஆனார். 2006ஆம் ஆண்டில் மறைந்தார்.

துன்பத்திலிருந்து அவர் ஆக்கிய பயனை இங்குக் காண்கிறோம். தாம் பெற்ற அடியைப் பிறருக்குத் திருப்பிக் கொடுக்கும் சங்கிலியைத் தம்மோடு அறுத்தார். இருளில் அடைபட்டவர், இருளிலேயே வாழும் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார்.

சுவரில் எழுந்த ஓவியம்

சொல்லால் அன்றி வண்ணத்தால் இதே உண்மையைக் கூறியவரும் சாங்கியில் இருந்தார். ஸ்டான்லி வாரன் என்னும் பிரிட்டிஷ் பீரங்கிப் படை வீரர், கடும் வயிற்றுக்கடுப்பால் மருத்துவமனையாக்கப்பட்ட படைவீட்டில் கிடந்தார். அங்கிருந்த சிற்றாலயச் சுவர்களில் ஓவியம் தீட்டுமாறு அவரை வேண்டினர். நிற்கவும் வலிமையற்ற அவர், 1942ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஐந்து ஓவியங்கள் தீட்டினார். நீல நிறத்துக்குப் பில்லியர்டு ஆட்டத்தில் பயன்படும் சுண்ணக்கட்டியைப் பொடியாக்கிக் குழைத்தனர். வண்ணப்பொருளைத் தோழர்கள் பாதுகாவலரின் கண்ணுக்குத் தப்பிக் கொண்டுவந்தனர்.

இவற்றுள் ஒன்று சிலுவைக் காட்சி. தம்மை அறைந்தோர்க்காக இயேசு வேண்டிய மன்னிப்பே அதன் கருப்பொருள். பகைவரின் காவலில் இருந்தவர் தீட்டிய ஓவியத்தில் பகைவர் மீது பழி இல்லை. போருக்குப் பின் மறைக்கப்பட்டுக் கிடந்த ஓவியங்கள் 1958ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. வாரன் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வந்து அவற்றைப் புதுப்பித்தார். முதலில் வர அவர் மனம் எளிதில் ஒப்பவில்லை. மறக்க முயன்ற நினைவுகள் அவரைத் தடுத்தன. மன்னித்தல் வேறு, மறத்தல் வேறு என்பதற்கு இது சான்று. 2021ஆம் ஆண்டில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சாங்கிச் சிற்றாலய அருங்காட்சியகத்தில் அவ்வோவியங்களின் படிகளை இன்று காணலாம்.

குரல் இழந்தோர்

இதுகாறும் கூறியவற்றால், துன்பம் மனிதனை உயர்த்துகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சிக்லாப் மண்ணில் கிடந்த எலும்புகளை மீண்டும் நினைப்போம். அம்மக்களுக்கு மன்னிக்கவும் நேரம் கிடைக்கவில்லை. வெறுக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

தமிழர்க்கு இன்னும் நெருங்கிய துயரம் ஒன்றுண்டு. சயாமையும் பர்மாவையும் இணைக்க, 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்குச் சாங்கியிலிருந்து கைதிகள் அனுப்பப்பட்டனர். 1943ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்ற 7,000 பேர் கொண்ட ஒரு பிரிவில் மட்டும் ஏறத்தாழ 3,100 பேர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களோ, காலராவாலும் பட்டினியாலும் பல்லாயிரவராய் மடிந்தனர். போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், நாட்குறிப்பு எழுதுவோரும் இருந்தனர். ஆகவே அவர்கள் பட்ட பாடு நூல்களாயிற்று. தோட்டத் தமிழனுக்கு அவை இல்லை. அவனுடைய பெயர்கூடப் பல இடங்களில் எழுதப்படவில்லை. அவன் துன்பத்தின் நோக்கம் இன்னதென்று கூற எவருக்கும் உரிமை இல்லை.

இங்கேதான் காரணத்தையும் பயனையும் பிரித்ததன் தேவை விளங்கும். வில்சன் தம் துன்பத்தைப் பற்றிக் கூறினார். எலிசபெத் சோய் தம் துன்பத்தைப் பற்றிக் கூறினார். அவர்கள் கூறியது உண்மை; அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அதே சொற்களை ஒரு முதலாளி தன் கூலியாளிடமோ, ஓர் அதிகாரி தன் கைதியிடமோ கூறினால் அது பொய்யாகிவிடும். துன்பத்தின் பயனைத் துன்புற்றவன் கூறலாம், பிறர் கூறலாகாது. பிறர்க்குரிய கடமை, அத்துன்பத்தைப் போக்குவதே. சீடர்கள் காரணம் கேட்டபோது இயேசு செய்ததும் அதுவே.

வள்ளுவர் கண்ட வழி

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. இடுக்கண் வரும்போது உள்ளம் உடையாது நிற்றலை வள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தில் கூறினார். அது பொருட்பாலில் உள்ளது. தீங்கு செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்து, இரண்டையும் மறந்துவிடுவதைத் துறவறவியலில், ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் கூறினார். முன்னது உறுதி, பின்னது அருள். வள்ளுவர் இவ்விரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்தார். ஆர்ச்சர்டு சாலை மாளிகையின் இருட்டறையில் அவை ஒரே மனிதனிடம் ஒருசேர விளங்கின.

வேறுபாடும் உண்டு. வள்ளுவர் இவற்றை அறத்தின் வலிமையாகக் காண்கிறார். கிறிஸ்தவரோ, தமக்கு முன்னே பாடுபட்ட ஒருவரோடு ஒன்றியதால் வந்த வலிமையாகக் காண்கின்றனர். துன்பத்தில் தனித்திருக்கவில்லை என்னும் உணர்வே அவர்களுக்கு முதற்பயன். பகையை நீக்கும் ஆற்றல் அதிலிருந்து பிறக்கும் இரண்டாம் பயன். நம்பிக்கை உடையோர் முன்னதையும் ஏற்பர். நம்பிக்கை இல்லாதோரும் பின்னதை மறுத்தல் இயலாது. நீதிமன்ற ஏடுகளும் அவர்களுடைய பிற்கால வாழ்வும் அதற்குச் சான்று.

போர்க்காலத்தை எல்லாச் சமூகத்தாரும் ஒரே வகையில் நினைவுகூர்வதில்லை. அதே ஆண்டுகளை இந்திய விடுதலைப் போரின் எழுச்சிக் காலமாக நினைக்கும் தமிழ்க் குடும்பங்களும் இந்நகரில் உண்டு. அந்நினைவும் மெய்யானதே. ஆயினும் சயாம் பாதையும், சிக்லாப் மணலும், சாங்கிச் சிறையும் ஒருங்கே நம்முன் வைக்கும் வினா ஒன்றுதான்: நமக்கு இழைக்கப்பட்ட தீமையை நாம் என்ன செய்யப்போகிறோம்?

வகுப்பறையில் மாணவன் ஒருவன், “துன்பத்துக்கு நோக்கம் உண்டா?” என்று கேட்டால், ஆசிரியர் விரைந்து விடை கூற வேண்டியதில்லை. அவனைச் சாங்கிக்கு அழைத்துச் செல்லலாம். அடித்த கைகளின் சொந்தக்காரனுக்கு ஆசி அளித்த ஆயரையும், தூக்குமேடைக்குப் பெயர் தர மறுத்த ஆசிரியையையும் காட்டலாம். திரும்பும் வழியில் சிக்லாப்பையும் காட்டி, அங்கே விளக்கம் கூறாது அமைதியாய் நிற்கவும் கற்பிக்கலாம். அவ்விரண்டும் சேர்ந்ததே முழு விடை.